ஜேஆர்எஃப் இல்லாமல் பொருளாதாரத்தில் பிஎச்டி: சேரலாமா, காத்திருக்கலாமா?

வெண்ணாற்றங்கரை:
ஊர் மன்னார்குடிப் பக்கம், எம்ஏ பொருளாதாரம் கடைசி வருஷம். அப்பா நாலு ஏக்கர் குத்தகை, சம்பா மட்டும்தான். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வுப் படிப்புக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதியதில் மூன்றாவது வகை வந்திருக்கிறது, அதாவது பிஎச்டி சேர மட்டும் தகுதி, பணம் கிடையாது. இந்த மதிப்பெண் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் சேர்ந்துவிடட்டுமா, இல்லை நெட்டில் மேல் வகையில் வருபவர்களுக்கு மாதாமாதம் தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கும் வரை காத்திருக்கட்டுமா? அண்ணன் பேங்க் எக்ஸாம் எழுது என்று தினமும் படுத்துகிறான்.

கீழவீதிக் கணக்கன்:
சேராதீர்கள் தங்கச்சி. மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஜேஆர்எஃப் இல்லாதவர்களுக்கு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தருவது மாதம் 8,000. ஜேஆர்எஃப் 2023 ஜனவரியிலிருந்து 37,000, இரண்டு வருஷம் கழித்து அதன் அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஒரே நூலகம், ஒரே வழிகாட்டி, பக்கத்து நாற்காலிக்காரருக்கு உங்களைப் போல நாலரை மடங்கு. ஒரு வருஷம் உட்கார்ந்து படித்தால் கிடைக்கிற விஷயம். நெட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை.

நீலக்குடி நிழல்:
உட்கார்ந்து படித்தால் கிடைக்குமாம்! 2024 ஜூன் 18 அன்று எழுதிவிட்டு வந்தோம், மறுநாளே தேர்வு ரத்து என்றார்கள், ஆகஸ்ட் கடைசியில் திரும்ப எழுதினோம். காத்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு மாதத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? நான் 8,000 ரூபாயில் சேர்ந்தவன்தான். சேர்ந்த பிறகும் நெட் எழுதலாம், யாரும் தடுக்கப் போவதில்லை, இரண்டாவது வருஷம் எனக்கு ஜேஆர்எஃப் வந்தது. அந்த 8,000 கூடச் சும்மா வந்ததில்லை. 2015 அக்டோபரில் நிறுத்தப் போகிறோம் என்று யுஜிசி சொன்னபோது டெல்லியில் பிள்ளைகள் யுஜிசி வாசலில் போய் உட்கார்ந்ததால்தான் மிச்சம். தங்கச்சி, பெண்களுக்கு ஜேஆர்எஃப் வயது வரம்பு 35, அவசரமே இல்லை. ஆனால் சும்மா வீட்டில் இருந்தால் அண்ணன் கேட்பார், அப்புறம் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

கீழவீதிக் கணக்கன்:
உங்களுக்கு வந்தது, எல்லோருக்கும் வருமா? சரி, வந்தவன் கதையையும் கேளுங்கள். எனக்கு ஜேஆர்எஃப்தான். மாதாமாதம் துறையில் கையெழுத்து வாங்கி, பல்கலைக்கழகம் போர்ட்டலில் உறுதி செய்தால்தான் பணம் விழும். அந்த உறுதி செய்கிற ஆள் விடுப்பில் போனார், பிறகு மாற்றலில் போனார், ஏழு மாதம் ஒரு ரூபாய் வரவில்லை. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அம்மா சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்துத்தான் மெஸ் பாக்கி கட்டினேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுப் பணத்துக்கு ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அதே நிலை. மொத்தமாக வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. 37,000 என்றால் 37,000 இல்லை, அது என்றைக்கு வருகிறது என்பதும் சேர்ந்ததுதான் தொகை. ஆறு மாதச் செலவுக்குக் கையில் காசு இல்லாத வீட்டுப் பிள்ளையை 8,000 ரூபாயை நம்பிச் சேரச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

அட்லாண்டாவில் ஒரு அய்யம்பேட்டை:
இரண்டு பேருமே திருவாரூரைத் தாண்டி யோசிக்கவில்லை. அமெரிக்காவில் பொருளாதார பிஎச்டிக்குப் பெரும்பாலும் கட்டணமே கிடையாது, மாதப் பணமும் தருவார்கள், பதிலுக்கு வகுப்பு எடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். நான் அப்படித்தான் வந்தேன். எம்ஏவுக்கு இங்கே வராதீர்கள், அது பெரும்பாலும் கைக்காசு.

நீலக்குடி நிழல்:
விண்ணப்பிக்கவே ஒரு இடத்துக்கு நூறு டாலர் வரை ஆகும், பத்து இடம் என்றால் ஒரு போகக் குத்தகை போய்விடும் அண்ணே.

அட்லாண்டாவில் ஒரு அய்யம்பேட்டை:
எழுதிக் கேட்டால் பல இடங்களில் கட்டணத்தை விட்டுவிடுவார்கள், கேட்கக் கூச்சப்படுவதுதான் நம் ஊர் வியாதி. ஆனால் உண்மையான தடை காசு இல்லை, கணக்கு. ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா என்கிற உயர்கணிதப் பாடங்கள் இல்லாமல் விண்ணப்பத்தைப் புரட்டக்கூட மாட்டார்கள், நம் பக்கத்து எம்ஏக்களில் அது அனேகமாக இல்லை. எனக்கும் இல்லை, இரண்டு வருஷம் ஒரு கள ஆய்வு அமைப்பில் சம்பளத்துக்குக் கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு அலைந்தபடி இரவில் படித்தேன். சென்னையில் ஐஎஃப்எம்ஆர் நிறுவனத்தில் இருக்கிற, வறுமை ஒழிப்பு பற்றி ஆய்வு நடத்துகிற ஜே-பால் தெற்காசியா மாதிரி இடங்கள் அப்படி ஆள் எடுக்கும். இந்தியாவிலேயே என்றால் ஐஎஸ்ஐ, அதாவது இந்தியப் புள்ளியியல் நிறுவனம், அதற்கு நெட் வேண்டாம், அவர்களே நுழைவுத் தேர்வு வைத்து ஃபெல்லோஷிப்பும் தருகிறார்கள். மும்பையில் ஐஜிஐடிஆர் என்கிற இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் பிஎச்டிக்கு உதவித்தொகை தருகிறது.

கீழவீதிக் கணக்கன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன், பணம் வருகிற இடத்தைப் பிடித்துவிட்டுச் சேரட்டும்.

நீலக்குடி நிழல்:
இல்லை, நீங்கள் காத்திருக்கச் சொன்னீர்கள், அவர் வேலைக்குப் போகச் சொல்கிறார், வேறு வேறு. சமூக அறிவியல் ஆய்வுகளுக்குப் பணம் தருகிற மத்திய அமைப்பான ஐசிஎஸ்எஸ்ஆரை இருவருமே விட்டுவிட்டீர்கள். பிஎச்டியில் பதிவு செய்தவருக்கு மாதம் 20,000, வருஷத்துக்கு இன்னொரு 20,000 செலவுக்கு. ஆனால் பதிவு செய்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். வாசலில் நிற்பவருக்குக் கிடையாது. இன்னொன்று, டெல்டாவில் இருந்துகொண்டு பொருளாதாரம் படிப்பதை ஏதோ தண்டனை மாதிரிப் பேசாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் மாணவர்களை அனுப்பி ஆய்வு செய்த கிராமங்களில் நம் நாகை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் ஒன்று. அதற்கப்புறமும் பல முறை போய் அதே ஊரை எண்ணியிருக்கிறார்கள். நூறு வருஷக் கணக்கு பஸ் தூரத்தில் கிடக்கிறது, அதை அட்லாண்டாவிலிருந்தா எழுதுவது?

அட்லாண்டாவில் ஒரு அய்யம்பேட்டை:
அட்லாண்டாவிலிருந்தும் எழுதலாம். விமான டிக்கெட்டையும் அவர்களே தருவார்கள், ஹி ஹி.

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் பேசினேன், ஆறு மாதத்துக்குத் தாங்குமா என்று கணக்கன் அண்ணன் சொன்னதைத்தான் முதலில் கேட்டேன். பொங்கலுக்கு அப்புறம், அறுவடைப் பணம் வந்தால் தாங்கும் என்றார், வந்தால் என்பதை இரண்டு தடவை சொன்னார். திருவாரூருக்கு விண்ணப்பம் போடுகிறேன், டிசம்பர் நெட்டும் எழுதுகிறேன். ஐஎஸ்ஐ பழைய வினாத்தாளை இறக்கிப் பார்த்தேன், முதல் கணக்கிலேயே நின்றுவிட்டேன், மேட்ரிக்ஸ். இதைத் தமிழில் சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா?

கீழவீதிக் கணக்கன்:
கணக்கைப் படம் பிடித்து இங்கேயே போடுங்கள். ராத்திரி பார்க்கிறேன், இப்போது கடையில் ஆள் இருக்கிறது.