பழைய சாம்ப்ளரைத் திறக்கலாமா, அப்படியே விடலாமா?

தாளக்கட்டு:
என்னிடம் இருப்பது அகாய் எம்பிசி 2000எக்ஸ்எல், ஒலித் துண்டுகளைப் பதிந்து தாளமாக வாசிக்கும் சாம்ப்ளர். நினைவகம் ஆலையிலிருந்து வந்த அதே 2 எம்பி. பிளாப்பி டிரைவ் இரண்டு முறை ஒழுங்காகப் படித்தால் மூன்றாம் முறை முரண்டு பிடிக்கிறது. மூன்று வேலை செய்ய எண்ணம்: நினைவகத்தை 32 எம்பிக்கு உயர்த்துவது, பிளாப்பி இருக்கும் இடத்தில், பென் டிரைவைப் பிளாப்பி போலக் காட்டும் யுஎஸ்பி எமுலேட்டர் வைப்பது, எட்டுத் தனி வெளியீடு தரும் பலகையைச் சேர்ப்பது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பன்னிரண்டு பிட்:
மூன்றும் வேண்டாம். டிரைவின் தலையைத் துடையுங்கள், போதும். 1987இல் வந்த ஈமு எஸ்பி-1200 சாம்ப்ளர் மொத்தமே 10 விநாடிதான் பதிவு செய்யும். ஒரு சாம்பிளுக்கு 2.5 விநாடி, 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ். அந்தக் குறுகலான சந்துக்குள் நின்றுகொண்டு எவ்வளவு செய்தார்கள்! உங்களிடம் மோனோவில் 23 விநாடிக்கு மேல் இருக்கிறது. இடம் கூடினால் வெட்டும் பழக்கம் போய்விடும். முழுப் பாட்டையும் உள்ளே கொட்டிவிட்டு, எதை எடுப்பது என்று திகைத்து உட்கார்ந்திருப்பீர்கள்.

சால்டர்கை:
அந்தப் 10 விநாடிக்கு யாரும் அடங்கி நடக்கவில்லை, ஐயா. ஏமாற்றினார்கள். நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் நான்கு தட்டு 2.67 விநாடி ஓடும், 2.5க்குள் அடங்காது. 33 சுற்று இசைத்தட்டை 45இல் ஓடவிட்டால் அதே துண்டு 2 விநாடிக்குள் சுருங்கிவிடும். பதிந்த பிறகு சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். சால்டரிங் இரும்பு இல்லாமல் செய்த விரிவாக்கம் அது.

பன்னிரண்டு பிட்:
நீங்கள் என் கட்சிக்குத்தான் பேசுகிறீர்கள். சுருதியை இறக்கும்போது எழும் அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது? இடம் இல்லாததால் வந்தது. 10 விநாடிக்குப் பதில் 10 நிமிடம் கொடுத்திருந்தால் ஒருவரும் இசைத்தட்டை வேகமாகச் சுற்றியிருக்க மாட்டார்கள், அந்த ஒலியும் பிறந்திருக்காது.

சால்டர்கை:
எஸ்பி-1200க்கு அது சரி. கேட்டவரிடம் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் எந்திரம், அதாவது சிடியின் தரம். 2 எம்பி இருந்தாலும் 32 எம்பி இருந்தாலும் அதன் ஒலி ஒன்றே. உள்ளே நினைவகத்துக்கு இரண்டு செருகுவாய்களை வைத்து விற்றதே தயாரித்தவர்கள்தான். 1988இல் ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி60கூட 13.1 விநாடியிலிருந்து 26.2 விநாடிக்கு உயர்த்த வழியோடுதான் வந்தது. அவர்களே திறந்துவைத்த வாசலில் நுழைய நாம் ஏன் கூச வேண்டும்?

நூலிழை:
நான் மேடையில் வாசிப்பவன். தத்துவம் இருக்கட்டும். இரண்டு பாட்டுக்கு நடுவே பிளாப்பி கரகரவென்று படித்துக்கொண்டிருக்க, கூட்டத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? எமுலேட்டரைப் போடுங்கள். காத்திருப்பு ஒழியும்.

சால்டர்கை:
ஒழியாது. எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். எமுலேட்டர் ஒரு பிளாப்பியைப் போல நடிக்கிறது. தரவு அதே ரிப்பன் கேபிளில் அதே வேகத்தில்தான் வரும். ஒரு 1.44 எம்பி வட்டில் இரு பக்கமும் சேர்த்து 160 தடங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் ஒரு தடத்துக்கு 0.2 விநாடி. ஆக, எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் ஒரு வட்டு 32 விநாடி. 32 எம்பியை நிரப்ப 23 வட்டுகள், பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாது. எமுலேட்டரால் கிடைப்பது நம்பகம். நூற்றுக்கணக்கான வட்டுகள் ஒரு பென் டிரைவில் அடங்கும். வேகம் வேண்டுமானால் பின்பக்கம் வெளி வட்டுகளை இணைக்க இருக்கும் ஸ்கஸி வாயில் மெமரி கார்டைப் படிக்கும் பலகையை மாட்டுங்கள். நினைவகத்தை மட்டும் ஏற்றிவிட்டுப் பிளாப்பியோடு நிற்பது, பெரிய தொட்டி கட்டிவிட்டுச் செம்பால் தண்ணீர் ஊற்றுவது போல.

நூலிழை:
ஒப்புக்கொள்கிறேன், வேகத்தைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டேன். என்னிடம் இருப்பது 2003இல் வந்த எம்பிசி1000. அதற்கு காம்பாக்ட் பிளாஷ் கார்டு, அதனால் அந்த அவதி மறந்துபோயிற்று. அதில் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், அகாய் தந்த ஓஎஸ்ஸுக்கு (இயக்க மென்பொருளுக்கு) மாற்றான ஜேஜே ஓஎஸ் ஏற்றினேன், எந்திரமே புதிதாகிவிட்டது. பிடிக்கவில்லை என்றால் பழைய ஓஎஸ்ஸை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு பிட், இதையும் பாவம் என்பீர்களா?

பன்னிரண்டு பிட்:
திரும்பி வர வழி இருக்கிறதே, அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம் அரத்தோடும் துளைக்கருவியோடும்தான். முகப்பைக் குடைந்துவிட்டு 'மேம்படுத்தியது' என்று விற்கிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சால்டர்கை:
அந்தக் குற்றவாளிகளில் நானும் ஒருவன். ஒரு ரேக் சாம்ப்ளரில் எமுலேட்டரின் முகம் இரண்டு மில்லிமீட்டர் இடித்தது. சோம்பல்பட்டு, பலகையைக் கழற்றாமலே அரத்தால் ராவினேன். இரும்புத் தூள் உள்ளே உதிர்ந்தது தெரியவில்லை. மின்சாரம் கொடுத்ததும் திரையில் எழுத்துகளுக்குப் பதில் கறுப்புக் கட்டங்கள். தூரிகையும் காந்தமுமாக இரண்டு நாள். ஒரு சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவே மயிரிழை போல ஒரு துகள். அதை எடுத்த பிறகுதான் பிழைத்தது. அன்றிலிருந்து உலோகத்தைத் தொடுவதில்லை.

பன்னிரண்டு பிட்:
உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அப்படியே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளுங்கள்: கெப்பாசிட்டர்களை (மின்தேக்கிகளை) மொத்தமாக மாற்றினால் ஒலி மாறும்.

சால்டர்கை:
மாட்டேன். உலர்ந்துபோன கெப்பாசிட்டரைக் கேட்டுக் கேட்டு அதுதான் அசல் ஒலி என்று உங்கள் காது பழகிவிட்டது. புது எந்திரத்தில் இருந்த மதிப்பையே திரும்ப வைப்பது பழுதுபார்ப்பு, மாற்றம் இல்லை. ஒலிப்பாதையில் இருக்கும் பெருக்கிச் சிப்பான ஆப்-ஆம்ப்பை வேறு வகையாக மாற்றுவது வேறு கதை. அங்கே நான் உங்கள் பக்கம்.

பன்னிரண்டு பிட்:
இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. எஸ்பி-1200இல் 1, 2ஆம் வெளியீடுகளுக்கு நகரும் ஃபில்டர் (ஒலி வடிகட்டி), 7, 8க்கு ஃபில்டரே இல்லை. அந்த ஏற்றத்தாழ்வைக் கண்டு ஒருவன் 'சரிசெய்ய' உட்கார்ந்தால் என்ன மிஞ்சும்? எங்கே பழுது முடிகிறது, எங்கே குணம் தொடங்குகிறது என்பதை உங்கள் மல்டிமீட்டர் சொல்லாது. தாளக்கட்டு, நினைவகத்தைப் போடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் 2 எம்பியிலேயே வேலை செய்துவிட்டுப் போடுங்கள்.

தாளக்கட்டு:
ஆறு வருடமாக 2 எம்பியில்தான் வேலை செய்கிறேன், ஐயா! எட்டு வெளியீட்டுப் பலகை இப்போதைக்கு வேண்டாம். என் மிக்ஸரில் அத்தனை வாய் இல்லை என்பது எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நினைவகம் போட்டாயிற்று, திரையில் 32 காட்டுகிறது. பழைய டிரைவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எமுலேட்டரைப் பொருத்தியதும் அதன் விளக்கு எரிந்தது எரிந்தபடி நிற்கிறது, எதையும் படிக்கவில்லை. கெடுத்துவிட்டேனா?

சால்டர்கை:
இல்லை. கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கேபிளின் சிவப்புக் கோடு 1ஆம் எண் ஊசியின் (pin 1) பக்கம் வருமாறு திருப்பிப் போடுங்கள்.

தாளக்கட்டு:
படிக்கிறது.