4 மாதமாக இரும்பு மாத்திரை, ஹீமோகுளோபின் நகரவே இல்லை

மழைக்காகம்:
வயது 29, பெண். ஹீமோகுளோபின் 10.4 என்று வந்ததும் ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாள் விடாமல் விழுங்கினேன், மலச்சிக்கல், கருப்பு மலம், நாக்கில் துருச்சுவை என்று எல்லாம் பட்டாச்சு. மறுபடி எடுத்தால் 10.5! இதற்கா இத்தனை பாடு? பேசாமல் ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா?

அரைத்தூக்கம்:
காபி, டீயோடு விழுங்கினீர்களா? கால்சியம் மாத்திரையும் சேர்ந்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. எனக்குத் தினமும் போட்டபோது வயிறு கெட்டதுதான் மிச்சம், டாக்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிய பிறகுதான் ஒத்துக்கொண்டது.

இரவுப்பணி:
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. ஊசியைப் பற்றி அப்புறம் பேசலாம். குறைபாடு உண்மையில் இரும்புதான் என்றால் ஒழுங்காகச் சாப்பிட்ட ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். அதே தாளில் எம்சிவி, ஆர்பிசி (சிவப்பணு) எண்ணிக்கை இருக்கும், பாருங்கள். உடம்பில் இரும்புக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் சோதனை எடுத்தார்களா?

மழைக்காகம்:
எம்சிவி 64, ஆர்பிசி 56 லட்சம். ஃபெரிட்டின் இந்த வாரம்தான் எடுத்தேன், 85.

இரவுப்பணி:
இதைத்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரி அளவு, 80 முதல் 100 வரை சரி. உங்களுக்கு அணு ரொம்பச் சின்னது, ஆனால் எண்ணிக்கை குறையவில்லை, தாராளமாகவே இருக்கிறது. இரும்புக் குறைபாட்டில் பெரும்பாலும் எண்ணிக்கையும் சேர்ந்து குறையும். 56 லட்சம் என்றால் 5.6 மில்லியன், எம்சிவி 64ஐ அந்த 5.6ஆல் வகுத்தால் 11.4. இது 13க்குக் கீழே வந்தால் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறு) கேரியராக, அதாவது அதன் மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம் என்று சந்தேகப்படுவோம், சந்தேகம்தான், முடிவு இல்லை. இரும்புக் கையிருப்பும் போதுமான அளவு இருக்கிறது (உடம்பில் அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அதையும் டாக்டர் பார்ப்பார்). ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் அல்லது ஹெச்பிஎல்சி சோதனை எடுக்கச் சொல்லுங்கள். அதில் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பீட்டா வகைத் தலசீமியா. ஆல்ஃபா வகையில் ஏ2 ஏறாது, அதற்கு மரபணுச் சோதனைதான் வழி. அதுவரை ஊசிப் பக்கம் போகாதீர்கள், தேவையில்லாத இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது.

நூல்கண்டு:
எங்கள் கதை இதற்கு நேர் எதிர். அப்பாவுக்கு 61 வயது, ஹீமோகுளோபின் 8.1, ஃபெரிட்டின் 6. மாத்திரை போட்டதும் மளமளவென்று ஏறியது, எல்லோருக்கும் சந்தோஷம், மாத்திரையை நிறுத்தினோம். ஆறு மாதத்தில் மறுபடி 8. இரும்பு எங்கே போகிறது என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும்தான். கொலோனாஸ்கோப்பியில் பெருங்குடலில் கட்டி, அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் முதலில் குடலைப் பாருங்கள், மாத்திரை வேலை செய்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

அரைத்தூக்கம்:
சித்திக்கு எம்சிவி 112, பாதம் மரத்துப்போய் நடையே தடுமாறியது. அதுவும் இரும்பா?

இரவுப்பணி:
இல்லை, அணு பெரிதானால் முதலில் பி12, ஃபோலேட் இரண்டையும் பார்க்க வேண்டும். கால் மரத்தால் பி12 மேல்தான் சந்தேகம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும், வயிற்றில் பி12 உறிஞ்சப்படாதவர்களுக்கும் இது வரும். பி12ஐ விட்டுவிட்டு ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்த அறிக்கை அழகாகிவிடும், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும். சிறுநீரகக் கோளாறால் வரும் சோகை, அணுக்கள் சீக்கிரம் உடைவதால் வரும் சோகை எல்லாம் தனி விவகாரம், ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு.

மழைக்காகம்:
முடிவு வந்துவிட்டது. ஏ2 5.1, பீட்டா கேரியர். எனக்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை, மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். ஆனால் கணவருக்கும் உடனே எடுக்கச் சொன்னார்கள், இரண்டு பேருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறதாம். நல்லவேளை, அவருக்கு ஏ2 2.6, எம்சிவி 88. அம்மாவுக்கும் எடுத்தோம், எம்சிவி 61. ‘உடம்பில் ரத்தமே இல்லை’ என்று சொல்லிச் சொல்லி முப்பது வருடமாக இரும்பு டானிக் குடித்தவர். நாளை தங்கையை அழைத்துப் போகிறேன்.