‘வேண்டாம்’ சொல்லவும் கேட்கவும் பழக்குவது எப்படி? அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. உடல் பாதுகாப்பு, சம்மதம் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வகுப்புகள் முடிந்திருக்கின்றன.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்றுதான் தொடங்கினேன். அது போதவில்லை. தப்பான தொடுதல் சில நேரம் வலிக்காது, கூச்சத்தில் சிரிப்புகூட வரும். டாக்டர் போடும் ஊசியோ வலிக்கும். பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். அதனால் ‘பாதுகாப்பானது, பாதுகாப்பற்றது’ என்று மாற்றிக்கொண்டேன். உறுப்புகளின் சரியான பெயர்களையும் சொல்லிக்கொடுத்தேன். பெயர் தெரிந்தால்தானே நடந்ததைத் தெளிவாகச் சொல்ல முடியும்!

நேற்று ஒரு சிறுமி, பென்சில் முனையைக் கடித்தபடி கேட்டாள்: “பாட்டி முத்தம் கேக்கறப்போ வேண்டாம்னு சொன்னா, பாட்டிக்குக் கஷ்டமா இருக்காதா மிஸ்?” கை கொடுக்கலாம், டாட்டா காட்டலாம் என்றேன். ஆனால் வீட்டில் அதை ஏற்க வேண்டுமே. “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்று சில பெற்றோர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி 5 வயதிலிருந்தே தொடங்கச் சொல்கிறது என்று விளக்கினேன், முகம் மாறவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் முதல் பேச்சை எப்படி எடுத்தீர்கள்? எந்த வார்த்தை எடுபட்டது?

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். ‘வேண்டாம்’ சொல்லப் பழக்கிவிடலாம். எதிரில் நிற்கும் பிள்ளை அதைக் கேட்டதும் கோபப்படாமல் கையை எடுக்கப் பழக வேண்டும். அதற்கு விளையாட்டோ சிறு நாடகமோ வகுப்பில் நடத்திப் பார்த்தவர்கள் விவரமாக எழுதுங்கள். அடுத்த வகுப்பு திங்கட்கிழமை.