கொய்யா மரத்து மாம்பழச் சிட்டு

மீனா: மாமா, நாளைக்குக் கொய்யா மரத்தைக் கழிக்க ஆள் வருவதாகப் பாட்டி சொன்னார்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாடிப் பக்கம் நீண்டிருக்கிற கிளையில் மாம்பழச் சிட்டு அடைகாக்கிறது.

ரவி மாமா: அந்தக் கிளையிலா? நேற்று அதன் கீழேதான் நின்று காய் பறித்தேன், ஒன்றும் கண்ணில் படவில்லையே!

மீனா: படாது மாமா. டீ கிளாஸ் வாய் அளவுதான் கூடு, வெளியே முழுக்கச் சிலந்தி நூலைப் பூசி வைத்திருப்பதால் கவட்டையோடு கவட்டையாகப் பட்டை மாதிரியே தெரிகிறது, தாய் எழுந்து போனபோதுதான் நானே கண்டுபிடித்தேன்.

செல்வி அத்தை: தேன்சிட்டு இல்லையா?

மீனா: இல்லை அத்தை. தேன்சிட்டுக்கு அலகு வளைந்திருக்கும், கூடும் பை மாதிரி தொங்கும். இதற்கு அலகு நேர். ஆணுக்கு வயிறு நல்ல மஞ்சள், கறுப்பு இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடு. போன வாரம் ஆண் மேலே எழும்பி, இறகை உப்பவிட்டுப் பஞ்சு உருண்டை மாதிரி சுழன்று சுழன்று இறங்கியதைப் பார்த்தேன், அப்படியொரு அழகு!

குமார் சித்தப்பா (கோலாலம்பூர்): எங்கள் தாமானிலும் (குடியிருப்புப் பகுதி) இது உண்டு மீனா. காட்டுப் பக்கம் போனால் பச்சையாக இன்னொன்று.

மீனா: ஆமாம் சித்தப்பா, அதுவும் இதே குடும்பம்தான். உலகத்திலேயே நான்கு இனம்தான் இருக்கிறது. நம்முடையது, உங்கள் பச்சை, தாய்லாந்து வியட்நாம் பக்கம் பெரியது ஒன்று, குஜராத் பக்கம் வறண்ட காட்டில் ஒன்று. உங்கள் பச்சைக்குத் தாழ்நிலக் காடு வேண்டும், காடு அழிய அழிய அது குறைகிறது. நம்முடையது தோட்டத்தில் பிழைத்துக்கொள்கிறது, ஆனால் மரம் வேண்டுமே.

ரவி மாமா: சரி, எத்தனை நாள் ஆகும்?

மீனா: பொரிக்கவே 14 நாள் ஆகும், ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். குஞ்சு பறக்கும் வரை விடுங்கள். அப்புறம், பாட்டி காக்காய்க்குச் சோறு வைப்பது அந்தக் கிளைப் பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவரில்தான், காக்காய் முட்டையைத் தூக்கிவிடும்.

செல்வி அத்தை: அம்மாவிடம் நான் சொல்கிறேன்.

ரவி மாமா: மரக்காரரை அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டேன்.

செல்வி அத்தை: அம்மா இன்றைக்கே காக்காய்ச் சோற்றைக் கிணற்றுப் பக்கம் வைத்துவிட்டார்களாம்.