பேய்ப்படத்தின் முதல் மூன்று நிமிடம்: தொப்பூர் லாரியா, மல்லச்சந்திரம் கல்லா?

பாலக்கோட்டான்:
எங்கள் படம் இப்படித் தொடங்குகிறது. இரவு, தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறார், வெள்ளைப் புடவை. மோதல். படத்தின் பெயர். எப்படி?

லாரிக்காரர் மகன்:
அங்கே லாரி ஏன் கவிழ்கிறது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள். எஞ்சின் பிடிமானம் போய்விடும். பிரேக்கை மிதித்து மிதித்து டிரம் சூடேறி, கடைசியில் பிடிக்காது. அப்படிச் செத்தவர்களின் குடும்பம் இங்கேதான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் புடவைக்காரி தலையில் கட்டுவீர்களா? அப்புறம், அந்த நாற்கரச் சாலையை ராத்திரியில் மறிக்க யார் விடுவார்கள்?

பாலக்கோட்டான்:
அண்ணா, மறிக்கவே வேண்டாம். நிறுத்திய லாரியை நாலு பேர் ஆட்டி, வெளியே விளக்கை ஓட்டினால் ஓடுகிற வண்டிதான். ஆனால் தொடக்கத்தில் பெரிதாக ஒன்று நடக்காவிட்டால் பார்க்கிறவன் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவான்.

இருட்டறை:
நடக்கட்டும். பேயை எதற்கு அப்போதே காட்டுகிறீர்கள்? 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தின் முதல் காட்சியில் சுறா கண்ணிலேயே படாது. நடிகைக்குக் கயிறு கட்டிக் கரையிலிருந்து ஆட்கள் இழுத்தார்கள், அவ்வளவுதான். மூன்றாம் நிமிடத்தில் புடவை வந்துவிட்டால் இடைவேளைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் போயிருக்கிறீர்களா? மலைமேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள், அதாவது செத்தவர்களுக்காகப் பலகைக்கற்களை நிறுத்தி மூடிய கல் அறைகள். பலகைக்கல்லில் வட்டமாக ஒரு துளை. கேமரா உள்ளே இருக்கட்டும். வட்டத்துக்குள் கொஞ்சம் வானம், ஆடு மேய்க்கும் பையன். ஓர் ஆடு துளைக்கு வந்து முகர்கிறது, மூக்கைச் சிலிர்த்துப் பின்வாங்குகிறது. பையன் குனிகிறான். அவன் தலை வெளிச்சத்தை அடைக்கிறது. உள்ளே இருந்து பார்த்தது யார்?

பாலக்கோட்டான்:
திரைப்பட விழாவில் கைதட்டுவார்கள், பாலக்கோட்டில் கொட்டாவி விடுவார்கள். அதுவும் ஈமச்சின்னம்தானே? செத்தவர் விஷயத்தில் லாரிக்கு ஒரு நியாயம், கல்லுக்கு ஒரு நியாயமா?

இருட்டறை:
கல்லைத் தொடச் சொல்லவில்லை. பிளைவுட்டில் வட்டம் அறுத்து, சிமெண்ட் பூசி, உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே எடுக்கலாம்.

ஒலிப்பெட்டி:
நான் லாரி பக்கம். ஆனால் புடவைக்காக இல்லை, சத்தத்துக்காக. கியரில் இறங்கும் லாரி முனகிக்கொண்டே வரும். நியூட்ரலில் விழுந்ததும் அந்த முனகல் அடங்கும். டயர் உராய்வும் காற்றும்தான் மிச்சம். அந்த இடத்தில் பின்னணி இசையை வைத்தால் காரியம் கெட்டது. நம் ஊர்க்காரனுக்கு அந்த அமைதியே போதும், வயிற்றைக் கலக்கிவிடும்.

லாரிக்காரர் மகன்:
இது உண்மை. எஞ்சின் அடங்கினால் தூங்குகிற கிளீனர்கூட எழுந்து உட்காருவார். அப்படியானால் நியூட்ரல் போடும் கையைக் காட்டுங்கள். தப்பு மனிதனுடையது என்று தெரியட்டும். இடத்தின் பெயர் மட்டும் வேண்டாம்.

பாலக்கோட்டான்:
கை நல்ல ஷாட். பெயரையும் எடுத்துவிடுகிறேன். புடவையை எடுத்தால் தயாரிப்பாளர் என்னை எடுத்துவிடுவார்.

இருட்டறை:
அவரிடம் புடவையை இடைவேளைக்குத் தள்ளியிருப்பதாகச் சொல்லுங்கள். முதல் காட்சியில் டிரைவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, அதை வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் போதும்.