புதுப்பிப்பு: இடுப்பை விட்டு இறங்காத பாப்பா

ஒன்றரை வயசுப் பொண்ணு திடீர்னு இடுப்பை விட்டு இறங்க மாட்டேங்குறா, தொட்டதுக்கெல்லாம் அழறான்னு எழுதியிருந்தேனே, அதோட தொடர்ச்சி. டாக்டர் காது, தொண்டை பார்த்தார். தொற்று எதுவும் இல்லை. கோரைப்பல் முட்டிக்கிட்டு இருக்கு, 16லேர்ந்து 23 மாசத்துக்குள்ள வர்றதுதானாம். அம்மா கண்ணுல படலைன்னா பதறுறதும் இந்த வயசுக்கு சகஜம், 3 வயசுக்குள்ள பெரும்பாலும் தணிஞ்சிடும்னார்.

"சொல்லாம நைசா நழுவிடு"ன்னு சிலர் சொன்னீங்க. எங்க வீட்டுல அது எடுபடலை. அப்புறம் குளியலறைக் கதவைக்கூட மூட விடலை மகாராணி. இப்போ டாட்டா சொல்லி, முத்தம் குடுத்து, சட்டுனு கிளம்பிடுறேன். அழறா. ஆனா நான் தெரு திரும்புறதுக்குள்ள பாட்டிகிட்ட காக்கா காட்டச் சொல்றாளாம்!

ராத்திரி எழுந்து அழறது மட்டும் குறையலை. வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க, தைலம் தவிர.