மாலையில் மகள் குரல் மட்டும் அறுந்து போகிறது: ட்ரேசர்ட் முடிவைப் பார்த்துச் சொல்லுங்கள்

ரோஸ்ஹில் அம்மா:
வணக்கம். மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். மகள் மாலை 6.30-க்கு இணையத்தில் பண்ணிசை படிக்கிறாள். சென்னையில் அப்போது இரவு 8 மணி. வகுப்பு நடத்துபவர்கள் சொந்தமாக ஜிட்சி (வீடியோவில் பேசும் மென்பொருள்) சர்வர் வைத்திருக்கிறார்கள், அதுவும் சென்னையில்தான். ஓதுவார் ஐயா பாடுவது இங்கே நன்றாகவே கேட்கிறது. இவள் பாடும்போதுதான் தொல்லை. இழுத்துப் பாடுகிற இடத்தில் குரல் அறுந்து, அடுத்த அடியில்தான் திரும்ப வருகிறதாம்.

இணைப்பு தருகிற நிறுவனத்துக்குப் போன் போட்டால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்பதோடு சரி. அதனால் விண்டோஸ் கறுப்புத் திரையில் ட்ரேசர்ட் (இணைப்பு போகிற வழியை வரிவரியாகக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். மாலையில் வந்தது இது (மில்லி நொடியில்):

1: 2, 1, 2 (192.168.1.1)
2: 148, 171, 139 (100.64 என்று தொடங்கும் முகவரி)
3: 152, 166, 181
4: * * *
5: * * *
6: 318, 349, 327
கடைசி: 352, 371, 344

காலையில் இரண்டாவது வரி 5, கடைசி வரி 208. அந்த நட்சத்திரங்கள் மட்டும் காலையிலும் அப்படியே இருக்கின்றன. கோளாறு அங்கேதானா?

டர்பன் அண்ணாச்சி:
கடலடிக் கேபிளாகத்தான் இருக்கும் தங்கச்சி. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்க மேற்குக் கரையோரம் நாலு கேபிள் ஒரே சமயத்தில் அறுந்து, இங்கே நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. உங்கள் ஊர் வழியாகக் கொச்சிக்குப் போகிற சேஃப் கேபிளும் 2002-ல் போட்டது, பழசு. காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

எபேன் நெட்வொர்க்காரன்:
அண்ணாச்சி, கேபிள் அறுந்தால் காலையிலும்தான் அறுந்திருக்கும். அதுவும் பாக்கெட் (இணையத்தில் போகிற தரவுத் துண்டு) தீவை விட்டு வெளியேறுகிற வரியிலிருந்துதான் எண் ஏறும். இங்கே இரண்டாவது வரியிலேயே ஏறிவிட்டதே.

அக்கா, முதலில் இந்த நட்சத்திரங்களை விடுங்கள். ட்ரேசர்ட் செய்வது இதுதான்: பாக்கெட்டில் டி.டி.எல் என்று ஒரு எண்ணை எழுதி அனுப்பும். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனதும் அந்த ரவுட்டர் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, 'என்னிடம் வந்து காலாவதியானது' என்று பதில் எழுதும். முதலில் 1, அப்புறம் 2, அப்புறம் 3 என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை அனுப்புவதால்தான் வழி வரிவரியாக வருகிறது. அப்படிப் பதில் எழுதுவது ரவுட்டருக்குக் கட்டாய வேலை இல்லை. சில ரவுட்டர்கள் எழுதவே எழுதாது, சில ஓய்வு கிடைத்தால் எழுதும். நாலாவது, ஐந்தாவது பேசாமல் இருந்தும் ஆறாவது பதில் சொல்கிறது என்றால், பாக்கெட் அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பார்க்க வேண்டியது வேறு. எந்த வரியில் எண் ஏறி, கடைசி வரை இறங்காமல் இருக்கிறது? நடுவில் ஒரு வரி மட்டும் 400 காட்டி அடுத்தது 160-க்கு வந்துவிட்டால், அந்த 400-க்குப் பொருளே இல்லை. உங்களுக்கு இரண்டாவது வரியில் ஏறிய 140 சொச்சம் கடைசி வரியிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது: 208, 350 ஆகிவிட்டது. முதல் வரி 2 என்பதால் வைஃபையில் குறை இல்லை. ஆக, கோளாறு உங்கள் ரவுட்டருக்கும் நிறுவனத்தின் முதல் பெட்டிக்கும் நடுவே.

100.64 முகவரி கோளாறு இல்லை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும்போது நிறுவனங்கள் பயன்படுத்துவது.

சென்பியேர்:
ரியூனியனிலிருந்து. ஆனால் காலையில் 208 என்பதே அதிகம் இல்லையா? எனக்கு 8.8.8.8-க்குப் போட்டால் மிகக் குறைவாகத்தான் வருகிறது.

எபேன் நெட்வொர்க்காரன்:
8.8.8.8 ஒரே இடத்தில் இல்லை தம்பி. ஒரே முகவரி, உலகத்தில் பல இடங்களில். கிட்டே இருப்பது பதில் சொல்லும். சென்னைக்குப் போகிற வழியை அது காட்டாது.

208 வருவதும் சுற்று வழியால்தான், மறுக்கவில்லை. மொரீஷியஸிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 4,500 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கி.மீ ஓடும். போய்வர 45 மில்லி நொடி போதும். ஆனால் நிலையான 208-ல் குரல் தாமதமாகத்தான் போகும், அறுந்து போகாது. ஏறி இறங்குகிற எண்தான் குரலை அறுக்கும்.

அக்கா, நீங்கள் சொன்னதில் எனக்கு உறைத்தது, மகள் குரல் மட்டும் உடைகிறது என்பது. வீட்டிலிருந்து வெளியே போகிற பக்கம்தான் அடைபடுகிறது. மாலையில் வீட்டில் எதுவோ நிறைய அப்லோட் ஆகிறது. ரவுட்டர் பாக்கெட்டை வீசாமல் வரிசையில் அடுக்கிக்கொண்டே போகும், குரலும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். வகுப்பு இல்லாத மாலையில், 'பிங் மைனஸ் டி' (நிறுத்தும் வரை போய்வரும் நேரத்தை அளந்துகொண்டே இருக்கும் கட்டளை) போட்டு இரண்டாவது வரி முகவரியை ஓடவிடுங்கள். ஓடும்போதே ஒவ்வொரு கருவியாக வைஃபையிலிருந்து எடுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறது என்று பாருங்கள். எதை எடுத்தும் விழாவிட்டால் நிறுவனம் பக்கம்தான் நெரிசல். அப்போது இரண்டு நேரத்து முடிவையும் அப்படியே அனுப்பி, இரண்டாவது வரியைச் சுட்டிக் கேளுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்ல முடியாது.

ட்ரேசர்ட்டுக்கு மூலமான ட்ரேஸ்ரூட்டை 1987-ல் எழுதிய வான் ஜேக்கப்சன்தான், கேத்லீன் நிக்கல்ஸுடன் சேர்ந்து, இந்த வரிசை நோய்க்கு 2012-ல் கோடெல் என்ற மருந்தையும் கொடுத்தார். உங்கள் ரவுட்டரில் எஸ்.கியூ.எம் (வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) என்று ஏதாவது இருந்தால் அதே வகை மருந்துதான், போட்டுவிடுங்கள்.

ரோஸ்ஹில் அம்மா:
பார்த்தேன் தம்பி. ஆறு மணிக்கு வீட்டுக்காரரும் மகனும் வந்து நுழைந்ததும் இரண்டு போனும் அன்றைய போட்டோ, வீடியோவையெல்லாம் மேலே ஏற்றத் தொடங்குகின்றன. மகன் போனை எடுத்ததும் 150-லிருந்து 60. அவர் போனையும் எடுத்ததும் 20. பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றியாயிற்று. நேற்று ஐயா, "இன்றைக்குக் கமகம் முழுசாக வந்தது" என்றார். எஸ்.கியூ.எம் இந்த ரவுட்டரில் இல்லை. மீதி 20 வாசல் கேமராவால். அதை எடுத்தால் 6. கேமராவையும் நிறுத்தவா?

எபேன் நெட்வொர்க்காரன்:
20-க்குக் கேமராவை நிறுத்த வேண்டாம் அக்கா. வகுப்பு நடக்கும்போது ஒரு தடவை அதே பிங்கை ஓடவிட்டு, 20 நிலையாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். தாவினால் கேமராவின் வீடியோ தரத்தை ஒரு படி குறையுங்கள்.

டர்பன் அண்ணாச்சி:
எங்கள் வீட்டிலும் பேரப் பிள்ளைகள் வந்தால்தான் போன் பேச முடியாமல் போகிறது. இன்றைக்கே பிங் போடுகிறேன்.